வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கூச்ச சுபாவமுள்ள சிறு மீன்களை வளர்ப்பது எப்படி

கடல்நீர்த் தொட்டியில் முதன்முதலாக ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கி விட்டவர் பத்து நாள் கழித்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: அது உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைத் தொட்டியின் நடுவே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த மீன், வீட்டுக்கு வந்ததும் பாறைக்குள் போனது போனதுதான். உடனே பாறைகளைத் தூக்கிப் பார்ப்பதும், ஒளிய இடம் கூடிவிட்டது என்று எண்ணிப் பாறைகளைக் குறைப்பதும் பலரும் செய்கிற தவறு. உண்மை இதற்கு நேர்மாறானது. ஓடி நுழைய ஒரு வளை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நிச்சயம் கிடைத்த மீன்தான் வெளியே வந்து நிற்கும். அந்த நிச்சயம் இல்லாத மீன் கிடைத்த இடுக்கில் பதுங்கி, பட்டினி கிடந்து, யாருக்கும் தெரியாமல் செத்துப்போகும். தொட்டியின் அளவு முதல் தீனி போடும் மூலை வரை இங்கே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த நிச்சயத்தை உண்டாக்குவதற்கானவை.

எந்த மீன்களைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது ஃபயர்ஃபிஷ்: முன்பாதி வெளிர் நிறம், பின்பாதி தணல் சிவப்பு, முதுகில் கொடிபோல் எழுந்து நிற்கும் ஒரு நீண்ட இழை, மொத்தமே 8 அல்லது 9 சென்டிமீட்டர். இரண்டாவது, கழிமுகங்களில் நாம் உளுவை என்று சொல்கிற இனத்தைச் சேர்ந்த, இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கும் சின்னஞ்சிறு மீன்கள். கடைகளில் இவற்றை ஷ்ரிம்ப் கோபி என்பார்கள். மூன்றாவது, மணலில் நின்றவாக்கில் கிணறு தோண்டித் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் ஜாஃபிஷ். கூச்ச மீன் என்றதும் பலருக்குக் கடற்குதிரை நினைவுக்கு வரும். இந்தியாவில் அது 2001-ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தொட்டியும் நீரும்

90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் கொண்ட, ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும் தொட்டி இந்த மீன்களுக்குப் போதுமானது. ஒற்றை ஃபயர்ஃபிஷ்ஷுக்கு 60 சென்டிமீட்டர் தொட்டியே போதும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டி சிறுத்தால் நீரின் குணம் சீக்கிரம் மாறும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இந்த மீன்கள் அடிமட்டத்திலேயே வாழ்கின்றன. ஆகவே உயரத்தைக் காட்டிலும் தரைப் பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் ஓயாத நடைவழியிலும், அடித்துச் சாத்தப்படும் கதவின் அருகிலும், சலவை இயந்திரத்தை ஒட்டியும் தொட்டியை வைக்காதீர்கள்.

உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்கட்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள்ளும், பிஎச் 8.0 முதல் 8.4 வரையிலும் நிலைக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வீட்டில் குடிக்கப் பயன்படும் ஆர்ஓ இயந்திரம் சுவைக்காகக் கொஞ்சம் உப்பை நீரில் விட்டுவைக்கும். அந்த நீரை, மிச்ச உப்பையும் நீக்கும் டிஐ வடிகட்டி வழியாக மறுபடி செலுத்தி, கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கடல் உப்பைக் கலக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆகையால் தினமும் குறையும் அளவை உப்பில்லாத அந்தச் சுத்த நீரால்தான் ஈடுகட்ட வேண்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களின் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். மேலே விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அதுவும் முழுமையாகக் கைகொடுக்காது. நீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரத்துக்கு ஆகும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அம்மோனியாவைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அத்தோடு நிறுத்திவிடாமல், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக ஊரும் கோபிபாட் பூச்சிகள் பெருகும்வரை இன்னும் இரண்டு மாதம் பொறுப்பது இந்த மீன்களைப் பொறுத்தவரை மிகுந்த பலன் தரும். வெளியே வரப் பயந்து ஒளிந்திருக்கும் நாட்களில் அவற்றுக்குக் கிடைக்கும் ஒரே உணவு அந்தப் பூச்சிகள்தான்.

வளை அமைத்தல்

கடலில் ஃபயர்ஃபிஷ் பாறைத்திட்டின் ஓரத்தில், தரைக்குச் சற்று மேலே, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றபடி, அடித்துவரும் மிதவை உயிர்களைக் கவ்வித் தின்னும். ஆபத்து என்று தோன்றிய கணத்தில் அம்புபோல் கீழே பாய்ந்து தன் வளைக்குள் மறையும். இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்தால், வளை எங்கே இருக்க வேண்டும் என்பது தானாகப் புலப்படும். பின்சுவரை ஒட்டிய பாறைக் குவியலின் ஆழத்தில் இருக்கும் பொந்து நல்ல ஒளிவிடந்தான். ஆனால் அங்கே குடியேறிய மீன் அங்கேயே நின்று சாப்பிடும், உங்கள் கண்ணில் படாது. தொட்டியின் முன்பகுதியில், மெல்லிய நீரோட்டம் கடந்துபோகும் இடத்தில், மணலை ஒட்டி வாயைத் திறந்திருக்கும் வளைதான் வேண்டும்.

இதற்கு அரை அங்குல பிவிசி குழாயைக் காட்டிலும் மலிவான, நம்பகமான பொருள் கிடையாது. 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, ஒரு முனையில் எல்போ எனப்படும் வளைந்த இணைப்பை மாட்டிவிடுங்கள். எல்போ எதற்கு என்றால், நேர்க்குழாயின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். அப்படி வெளிச்சம் தெரியும் குழாயை மீன் எளிதில் வளையாக ஏற்பதில்லை. வளைவு இருந்தால் இரண்டு வாசல் இருந்தும் உள்ளே இருட்டு கிடைக்கும். இதை மணலில் முக்கால்வாசி புதைத்து, மேலே ஒரு தட்டைப் பாறையைச் சாய்த்து வைத்தால் வாசல் மட்டும் வெளியே தெரியும். வெள்ளைக் குழாய் முதலில் கண்ணை உறுத்தும். சில வாரங்களில் பாசி படர்ந்து பாறையோடு பாறையாகிவிடும். மீன் ஒன்றுக்கு மூன்று வளைகள் என்பது என் கணக்கு. ஒன்றில் அது உறங்கும். இன்னொன்றை வேறு எவராவது பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது ஓடும் வழியில் அவசரத்துக்கு உதவும்.

பாறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று சொல்லிச் சிலர் விற்கும் உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய கடல் பாறை), அநேகமாகப் பவளத்தின் எலும்புக்கூடுதான். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. செயற்கையாக வார்க்கப்பட்ட பீங்கான் பாறைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மீனுக்கு இரண்டும் ஒன்றே.

இறாலோடு வாழும் உளுவையை வளர்க்கிறவர் மணலிலும் கவனம் வைக்க வேண்டும். 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நுண்மணலையும், அதனோடு உடைந்த சிப்பித் துண்டுகளையும் சிறு கற்களையும் கலந்து பரப்புங்கள். வெறும் மணலில் தோண்டிய சுரங்கம் நிற்காது. ஜாஃபிஷ்ஷுக்கு இது போதாது. ஒரு மூலையிலாவது 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இரண்டு வகைக்கும் பொதுவான விதி: பாறைகளை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடி மேலேயே உட்காரவைத்து, அதன் பிறகு மணலைக் கொட்ட வேண்டும். மணல் மேல் பாறை வைத்தால், ஒருநாள் அடியில் தோண்டும் இறாலின் தலைமேலேயே அது சரியும்.

சொடுக்கு இறால் என்று நான் சொல்லும் இந்தக் கூட்டாளியைக் கடையில் பிஸ்டல் ஷ்ரிம்ப் என்று கேட்க வேண்டும். அதன் பார்வை மிக மந்தமானது. இரண்டு கொடுக்குகளாலும் மணலை வாரி, புல்டோசர் போல வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, அதன் நீண்ட உணர்கொம்புகளில் ஒன்று வாசலில் காவல் நிற்கும் உளுவையின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் தொட்டியை நோக்கிச் சட்டென்று ஓரடி வைத்தால், உளுவை வாலை ஒரு துடிப்புத் துடிக்கும். அந்தத் துடிப்பு கொம்பின் வழியே எட்டியதும் இறால் மணலைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி நழுவி மறையும். கடைசியாக உளுவையும் உள்ளே போகும். இதைப் பார்ப்பதற்காகவே தொட்டி வைக்கலாம். இந்த ஜோடியில் கோபி தனியாக இருக்கும்போது மாதக்கணக்கில் முகம் காட்டாமலிருந்து, இறால் வந்த சில நாட்களிலேயே வாசலுக்கு வந்து நிற்பது சாதாரணம். ஆகவே முடிந்தால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். இரவில் தொட்டியிலிருந்து கண்ணாடி விரிசல் விடுவது போல் ‘டக்’கென்று சத்தம் கேட்டால் பதற வேண்டாம்; அது இறாலின் கொடுக்குச் சொடுக்கு. எங்கள் வீட்டில் முதல் வாரம் நள்ளிரவில் டார்ச் விளக்கோடு நீர்க்கசிவு தேடியிருக்கிறோம்.

மூடி

இந்த மீன்கள் நோயால் சாவதைவிடக் குதித்துச் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். மிரண்ட ஃபயர்ஃபிஷ் வளைக்குள் பாய முடியாதபோது மேல்நோக்கிப் பாயும். என் முதல் மீனை நான் இழந்ததும் அப்படித்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடி போட்டிருந்தேன். பின்பக்கத்தில் ஒயர் நுழைவதற்காக விட்ட இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர்தான். மூன்றாம் நாள் காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் அது நெத்திலிக் கருவாடாகக் கிடந்தது. முதுகு இழை மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னல் கொசுவலைக்குப் பயன்படும் மெல்லிய சட்டத்தில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்கொண்ட தெளிவான நைலான் வலையைக் கட்டித் தொட்டியின் மேல் இடைவெளியின்றிப் பொருத்துங்கள். கொசுவலையையே போட்டால் வெளிச்சம் குறையும், உப்புப் படிந்து கண்கள் அடைபடும். முழுக் கண்ணாடி மூடி நம் ஊர் வெயிலில் வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். ஒயர், குழாய் நுழையும் இடங்களில் வலையை அவற்றின் வடிவத்துக்கு வெட்டி, மிச்ச இடுக்கை ஸ்பாஞ்சால் அடைக்க வேண்டும். நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்கும் வலை போட மறக்காதீர்கள். ஒல்லியான மீன் அதன் பற்களுக்கிடையே நழுவி உள்ளே விழுந்துவிடும்.

அண்டை அயல்

கூச்ச மீன் எப்போதும் தொட்டியின் முதல் குடியாக வர வேண்டும். முரட்டு மீன் முன்பே ஆண்டுகொண்டிருக்கும் தொட்டிக்குள் பிறகு நுழையும் ஃபயர்ஃபிஷ்ஷுக்கு எந்த வளையும் சொந்தமாகாது. டாம்செல், டாட்டிபேக், ஹாக்ஃபிஷ், டிரிக்கர், சிங்கமீன் ஆகியவற்றோடு இந்த மீன்களைச் சேர்க்கவே கூடாது. டாம்செல் மலிவு என்பதால் தொட்டியைப் பழக்குவதற்கு அதை முதலில் விடச் சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டவர் பிற்பாடு அதைப் பிடிப்பதற்காகப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க நேரும். கார்டினல் மீன்கள் நல்ல அயலார். கிளௌன் ஜோடி பெரும்பாலும் தன் மூலையோடு நின்றுகொள்ளும்; ஆனாலும் ஃபயர்ஃபிஷ் வளைபிடித்து ஒரு மாதம் கழித்தே அதை விடுவது உத்தமம்.

அமைதியான மீன்கள் வெளியே உலவுவதைப் பார்த்தால் கூச்ச மீனுக்கும் தைரியம் பிறக்கும் என்பது உண்மை. அதற்காக இரண்டு ஃபயர்ஃபிஷ்களை வாங்கிவிடாதீர்கள். இயற்கையில் ஜோடியாக வாழ்பவைதான் என்றாலும், கடையில் கைக்கு வந்த இரண்டு ஜோடியாகுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சிறு தொட்டியில் பொருந்தாத இரண்டில் ஒன்றை மற்றது துரத்தியே கொன்றுவிடும். கடையில் ஒரே துளைக்குள் சேர்ந்து நுழைவதைக் கண்ணால் கண்டால் மட்டும் இரண்டையும் வாங்கலாம்.

வாங்குவதும் தனிமைப்படுத்துவதும்

சென்னை கொளத்தூரின் மீன் கடைத்தெருவானாலும் வேறெங்கே ஆனாலும், சரக்கு இறங்கிய அன்றே வாங்காமல் ஒரு வாரம் பொறுத்து, உங்கள் எதிரிலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருப்பதும், செவுள் வேகமாக அடித்துக்கொள்வதும் கெட்ட அறிகுறிகள். முதுகு இழை ஒடிந்திருந்தால் பரவாயில்லை, அது வளர்ந்துவிடும். கடைத் தொட்டியின் உப்பளவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணலும் பாறையும் இல்லாத 40 லிட்டர் தொட்டியில், பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சில பிவிசி துண்டுகளும் போட்டு நான்கு வாரம் தனியே வைத்திருங்கள். மீன் கூச்சத்தோடு இருப்பதால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. கடல்நீர் வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் உடலில் மூன்று முதல் ஏழு நாள் வரைதான் இருக்கும். பிறகு உதிர்ந்து அடித்தரையில் ஒட்டிப் பெருகும். புள்ளி மறைந்ததால் மீன் குணமாகிவிட்டது என்று நம்பி எடுத்துப் போடுவதால்தான் பெரிய தொட்டி முழுவதும் நோய் பரவுகிறது. செம்பு கலந்த மருந்து தேவைப்பட்டால் அதையும் இந்தத் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்துங்கள்; பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால்களும் மற்ற முதுகெலும்பில்லா உயிர்களும் செத்துவிடும்.

உள்ளூரில் வாங்கிய மீனைச் சொட்டுச் சொட்டாக உங்கள் நீரைச் சேர்த்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் பழக்கலாம். வெளியூரிலிருந்து பார்சலில் பல மணி நேரம் பயணம் செய்து வந்த மீனுக்கு இந்த முறை ஆகாது. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருப்பதால், மீன் கழித்த அம்மோனியா அதிகம் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்து வாயு வெளியேறியதும் பிஎச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். அப்படி வந்த மீனுக்கு, தனித் தொட்டியின் உப்பளவைப் பை நீரின் அளவுக்கே முன்கூட்டிச் சரிசெய்து வைத்து, வெப்பம் சமமானதும் பையைத் திறந்து உடனே மாற்றிவிடுங்கள். உப்பைப் பிறகு சில நாட்களில் மெல்ல உயர்த்திக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரமும் தீனியும்

பெரிய தொட்டிக்கு மாற்றுவதை மாலையில், விளக்கை அணைத்த பிறகு செய்யுங்கள். வலையால் பிடிக்காமல், மீன் ஒளிந்திருக்கும் பிவிசி துண்டை இரு முனையும் கையால் பொத்தித் தூக்கி, அப்படியே புதிய தொட்டியின் மணலில் வைத்துவிட்டால் மீனுக்குத் தன் வீட்டோடு இடம்பெயர்ந்த மாதிரி இருக்கும். மறுநாள் முழுவதும் விளக்கை மங்கலாக வைத்திருங்கள். பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம். இந்த இரண்டு வாரத்தில் பாறையைத் தொடக் கூடாது, கண்ணாடியைத் தட்டக் கூடாது, விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக டார்ச் அடிக்கக் கூடாது.

தீனி ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆளின் கையால் விழட்டும். அவசரக்கார மீன்கள் இருந்தால் முதலில் தொட்டியின் மறுகோடியில் அவற்றுக்குப் போட்டு வாயை அடைத்துவிடுங்கள். பிறகு நீண்ட பிப்பெட்டில் உணவை எடுத்து, வளைக்கு ஒரு சாண் முன்னால், நீரோட்டம் வரும் திசையில் மெல்ல விடுங்கள். மிதந்துவரும் துணுக்குதான் இந்த மீனின் கண்ணுக்கு உணவு. தரையில் விழுந்ததை அது பெரும்பாலும் சீண்டாது. அலைமோட்டாரை அந்தப் பத்து நிமிடம் குறைத்துவையுங்கள். முதல் நாட்களில் அப்போதே பொரித்த ஆர்டீமியா என்னும் நுண் இறாலின் குஞ்சுகளுக்கு இணை கிடையாது. 28 டிகிரி உப்புநீரில் முட்டைகளைப் போட்டுக் காற்று விட்டால் சுமார் 24 மணி நேரத்தில் பொரியும். வயிற்றிலுள்ள மஞ்சள்கரு தீர்வதற்குள், அதாவது அன்றைக்கே, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். மீன் வாசலில் நின்று கொத்தத் தொடங்கியதும் மைசிஸ் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் உறைந்த தீனி, பிறகு மிகச் சிறிய பெல்லட் என்று பழக்கலாம். சின்ன வயிறு என்பதால் ஒரே வேளையில் நிறையப் போடுவதைவிட நாளுக்கு மூன்று முறை கொஞ்சமாகப் போடுவது மேல்.

விளக்கும் மின்வெட்டும்

இருட்டும் வெளிச்சமும் சட்டென்று மாறுவது இந்த மீன்களைத் துள்ளவைக்கும். மங்கலான நீலத்தில் தொடங்கி அரை மணி நேரத்தில் முழு வெளிச்சத்துக்கு வரும் எல்இடி விளக்கு கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கூடத்து விளக்கை முன்னதாகப் போட்டு, தொட்டி விளக்கைப் பிறகு போடுவதே போதும். மின்சாரம் போகும் நேரத்தில் மீன் மிரளும் என்பதோடு, நீரோட்டம் நின்று பிராணவாயுவும் குறையும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று, மின்சாரம் நின்றதும் தானாக இயங்கும்படி, எப்போதும் இணைப்பிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை பத்து சதவீத நீரை மாற்றும்போதும் ஒரே மூலையிலிருந்து மெதுவாகக் கையை விடுங்கள். சில மாதங்களில் மீன் அந்தக் கையைப் பார்த்து ஓடுவதை நிறுத்திவிடும்.

மீன் காணாமல் போனால்

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் மீன் கண்ணில் படாது. முதலில் தொட்டியைச் சுற்றித் தரையையும் ஸ்டாண்டின் பின்புறத்தையும் பாருங்கள். அடுத்து ஓவர்ஃப்ளோ பெட்டி, ஃபில்டர் அறை, மோட்டாரின் உறிஞ்சுவாய். அங்கெல்லாம் இல்லையென்றால் அம்மோனியாவைச் சோதியுங்கள். ஏறியிருந்தால் மீன் உள்ளே இறந்திருக்கக்கூடும், அப்போது பாறையை நகர்த்தியே ஆக வேண்டும். ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து மீன் உயிரோடு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்வளவு சிறிய உடலை நண்டும் புழுவும் ஓரிரவில் தீர்த்துவிடும். ஆனாலும் பாறையைத் தொடாமல், வழக்கமான நேரத்தில் வழக்கமான மூலையில் கொஞ்சம் தீனியை விட்டபடி இரண்டு வாரம் காத்திருங்கள். விளக்கு அணைந்து அரை மணி கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு குழாயின் வாயையும் தூரத்திலிருந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது குழாயிலிருந்து அந்த இழை முதலில் வெளியே வரும்.